சங்கவியைப் பற்றிப் பிற குறிப்புகள்

ஜனவரி 18, சனி

சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவர் போன் செய்தார். மார்ச்சில் பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்குகிறதாம். ஆறு அணிகள். சென்னை அணிக்கு அவர் மேலாளர். குரலுக்கு முப்பது வயது இருக்கும். கோவையில் ஒரு கல்லூரியில் சங்கவி என்று ஒரு சென்டர் இருக்கிறாள், ஆறடி இரண்டு அங்குலம், இரண்டு வாரம் பார்த்து அறிக்கை தர முடியுமா என்று கேட்டார். சென்டராக ஆடியவர்களின் கண்தான் வேண்டும் என்றார்.

கூடைக்கு அடியில் நின்று இடிவாங்கிப் பந்தைப் பிடிக்கிற வேலை சென்டருடையது. ஏழு வருடம் தமிழ்நாட்டுக்காக அதைச் செய்தேன். ஐந்தடி பதினொன்று. அந்தக் காலத்துக்கு அது பெரிய உயரம். அதற்குக் கிடைத்த பரிசு போத்தனூர் ரயில்வே ஆபீசில் ஒரு நாற்காலி. இருபத்தெட்டு வருடமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்குக் கண் இருப்பது இன்றுதான் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்திய அணிக்கு ஏன் ஆடவில்லை என்று நிரஞ்சன் கேட்டார். 98 முகாமில் முழங்கால் போய்விட்டது, அப்போதெல்லாம் எங்களை எச்சரிக்க யாருமில்லை என்று சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

படிவம் அனுப்பியிருக்கிறார். பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கடைசியில் ‘பிற குறிப்புகள்’ என்று கொஞ்சம் வெற்றிடம்.

வீட்டுக்காரர் வில்சன் பாலக்காடு டூட்டியிலிருந்து வந்ததும் சொன்னேன். டிக்கெட் பரிசோதகர் புத்தி, முதலில் சந்தேகம்தான். “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்றார். ஆபீசில் லீவு கொட்டிக் கிடக்கிறது என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

பார்த்தேன்.

உயரம் உண்மை. சிலர் ஷூவோடு அளந்து சொல்வார்கள், இவள் வெறுங்காலிலேயே ஆறடி இரண்டு. கை நீளம் அதற்கும் மேல். தோள் இன்னும் அகலவில்லை. இருபது வயதுதான். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நடக்கிறாள், எல்லா உயரமான பெண்களும் நடப்பதுபோல. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் நடை அது.

பந்தைப் பிடிக்கும் கை நன்றாக இருக்கிறது. முரட்டு பாஸையும் சத்தமில்லாமல் வாங்குகிறாள். சென்டர்களில் பாதிப் பேருக்கு உயரம் இருக்கும், கை இருக்காது. இரண்டாவது எழும்பல் வேகம்: ஒரு தடவை குதித்துப் பந்து கிடைக்காவிட்டால், கீழே வந்ததும் மறுபடி மேலே. பாதுகாப்பில் சோம்பல். கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும் என்று நினைக்கிறாள், இதுவரை அது போதுமானதாகவும் இருந்திருக்கிறது.

பயிற்சியாளர் தனபால் எனக்கு முன்பே பழக்கம். நாற்காலி போட்டு, இளநீர் வாங்கிவரச் சொன்னார். பெண்ணின் அப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை, எட்டாவது படிக்கும்போது நான்தான் கண்டுபிடித்தேன், இந்தியாவுக்கே இவள் ஒருத்திதான் என்றார். இளநீர் கொடுக்கிற பயிற்சியாளரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். பொட்டுத் தண்ணீர் இல்லை. போகவில்லை.

ஜனவரி 23, வியாழன்

கல்லூரிகளுக்கிடையே போட்டி. சங்கவி 31 புள்ளி; வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தது, அதாவது ரீபவுண்ட், 19. கூட்டம் கைதட்டியது. எதிரணியில் உயரமான பெண்ணே ஐந்தடி எட்டுதான். கோழிக் குஞ்சுகளுக்கு நடுவில் நாரை நின்றால் நாரைக்குப் பெயரா? 31ஐப் பதினைந்தாகக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. மூன்றாவது கால்பகுதியில் இரண்டு பேர் அவளை நெருக்கினார்கள். பதறாமல், எதிர்மூலையில் தனியாக நின்றவளுக்குத் தலைக்கு மேலாகப் பந்தை அனுப்பினாள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது.

இன்னொன்றையும் பார்த்தேன். வலக்காலால் எழும்பினாலும், இரண்டு காலால் எழும்பினாலும், இறங்குவது எப்போதும் இடக்காலில். எண்ணினேன். நாற்பத்திரண்டு தடவையில் முப்பத்தொன்பது. நடுவர் விசில் அடித்து ஆட்டம் நிற்கும்போதெல்லாம் வலப்பாதத்தின் முன்பகுதியைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி வைத்திருக்கிறாள். தனபாலிடம் கேட்டேன். பழக்கதோஷம் என்றார்.

ஜனவரி 25, சனி

பயிற்சி முடிந்தபிறகு தனபால் அவளை அழைத்து என்னை அறிமுகம் செய்தார். தமிழ்நாட்டுக்கு ஆடின எஸ்தர் மேடம், அந்தக் காலத்தில் ஹூக் ஷாட்டுக்குப் பெயர்போனவர் என்றார். அவள் வணக்கம் சொன்னாள். கேள்விப்பட்டதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. அவள் மேல் தப்பில்லை. நான் ஆடியதற்கு வீடியோ கிடையாது.

செய்து காட்டச் சொன்னாள். கூடைக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் பந்தைத் தலைக்கு மேல் வளைத்துப் போடுவதுதான் ஹூக். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போட்டேன். முதல் இரண்டு விழவில்லை. மூன்றாவது விழுந்தது. பிறகு அவள் முயன்றாள். முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் தொட்டுக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வலது கையால் ஏழுக்கு ஆறு போட்டாள். பிறகு, நான் கேட்காமலேயே, இடது கையாலும் போட்டாள்.

எனக்கு வலது கை ஹூக் வர இரண்டு வருடம் ஆனது. இடது கையால் எனக்கு வந்ததே இல்லை.

“ரொம்ப ஈஸியா இருக்குங்க மேடம்” என்றாள். திமிராகச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கோவில். பிறகு துணி துவைத்தேன். கட்டங்களை நிரப்பிப் பார்த்தேன். கை 9. உயரம் 10. ஆட்ட அறிவு 8. பாதுகாப்பு 5. வேகம் 6. உழைப்பு 7. அழித்து 6 போட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கல்லூரி கேன்டீனில் அவளோடு தனியாக உட்கார்ந்தேன். இரண்டு முட்டை பப்ஸ் சாப்பிட்டாள். என்னோடு பேச அவளுக்குப் பிடித்திருந்தது. உயரமானவர்கள் உயரமானவர்களிடம் மட்டும் பேசுகிற சில விஷயங்கள் உண்டு: பஸ் சீட்டில் முழங்கால் இடிப்பது, ரெடிமேட் சுடிதாரின் பேன்ட் கெண்டைக்காலோடு நின்றுவிடுவது, செருப்புக் கடையில் ஆண்கள் பக்கம் போய் நிற்பது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்படியே கேட்டேன், வலக்காலில் எவ்வளவு நாளாக வலி என்று.

சிரிப்பு நின்றது. யாரும் சொல்லாமலேயே எப்படித் தெரியும் என்றாள். பார்த்தேன் என்றேன்.

நவம்பரில் தொடங்கியதாம். லீவுக்கு ஊருக்குப் போனபோது நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். பாதத்தின் நடு எலும்பில் மயிரிழை போல விரிசல். இரண்டு மாதம் கால் ஊன்றக் கூடாது, மாவுக்கட்டு போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் முழுசாக உடையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தனபாலிடம் சொன்னாள். அவர் வலி மாத்திரை கொடுத்தார், லீக் ஆட்கள் வந்து பார்க்கும்வரை பொறுத்துக்கொள் என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

“எழுதிப்போடாதீங்க மேடம்” என்றாள். “ஏப்ரல்ல காலேஜ் முடியுது. ஊருக்குப் போனா மாமா பையனுக்குப் பேசி வெச்சிருக்காங்க. அவங்க வீட்டு வாசக்கால் நிலவுல நான் குனிஞ்சுதானுங்க போகணும். இந்த உசரத்த வெச்சுக்கிட்டு நான் எங்க போனாலும் வேடிக்கதான் பாக்குறாங்க. கோர்ட்டுல மட்டும்தான் வேணும்னு கேக்குறாங்க.”

நான் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றேன். “நீங்க சென்டராச்சே மேடம், அதுனாலதான் சொன்னனுங்க” என்றாள்.

பப்ஸுக்கு அவள் பணம் கொடுக்க வந்தாள். விடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

அறிக்கையை முடித்தேன். மொத்தம் 76. நேர்மையான எண்.

காலைப் பற்றி முழுவதும் எழுதினேன்: விரிசல், ஸ்கேன், எந்த மாதம், என்ன சிகிச்சை. ஒப்பந்தம் செய்யலாம், ஆனால் உடனே ஆடவிடாமல் முதல் சீசன் முழுக்க ஓய்வும் சிகிச்சையும் கொடுக்க வேண்டும், அடுத்த வருடம் நாட்டிலேயே சிறந்த சென்டராக இருப்பாள் என்று பரிந்துரைத்தேன். எனக்கு யாரும் இப்படி எழுதித் தரவில்லை. எழுதியிருந்தால்.

‘பிற குறிப்புகள்’ பகுதியில் இரண்டு வரி. அனுப்பிவிட்டேன்.

சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நிரஞ்சன் போன். கமிட்டியில் பேசினார்களாம், சங்கவி வேண்டாம் என்று முடிவாம். அறிக்கை மிகவும் உபயோகமாக இருந்தது, பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றினீர்கள் என்றார். நான் சேர்க்கச் சொல்லித்தானே எழுதியிருந்தேன் என்றேன். எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்றார். காலுக்குப் பயந்துவிட்டார்கள். பணம் போடுகிறவர்களுக்கு ஒரு வருடம் பொறுமை கிடையாது.

சாயங்காலம் தனபால் போனில் திட்டினார். உனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்ற வயிற்றெரிச்சல் என்றார். உடைந்த காலோடு பெண்ணை ஓடவிட்டவர் என்னைப் பேசுகிறார். வைத்துவிட்டேன்.

அவள் போன் செய்யவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஐதராபாத் அணி சங்கவியை எடுத்துக்கொண்டதாம். பேப்பரில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். தனபால் ஏற்பாடு. யாரும் வந்து பார்க்கவில்லை, காலைச் சோதிக்கவில்லை. வீடியோவில் 31 புள்ளியைப் பார்த்திருப்பார்கள், அளவுகோலைப் பார்த்திருப்பார்கள்.

அந்த மேலாளரின் நம்பரை எப்படியாவது வாங்கிச் சொல்லலாமா என்று யோசித்தேன். என் வேலை சென்னையோடு முடிந்தது. கேட்காத இடத்தில் போய்ச் சொன்னால் தனபால் சொன்னதுதான் உண்மை என்று ஆகும்.

மார்ச் 2, ஞாயிறு

லீக் தொடக்கம். டிவியில் பார்த்தேன். ஐதராபாத்துக்கு முதல் ஆட்டம். சங்கவி 22 புள்ளி, 14 ரீபவுண்ட். எதிரில் கேரளத்துக்காரி, ஆறடி ஒன்று, அனுபவசாலி. பதினைந்தாகக் கணக்கில் வைத்தது தப்பு.

கடைசி நிமிடத்தில் இடது கை ஹூக். வர்ணனையாளர் இந்த ஷாட்டை எங்கே கற்றாரோ என்றார்.

இடக்காலில்தான் இறங்கினாள்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். லெந்து நாட்கள் தொடக்கம். வழக்கம்போல ஈஸ்டர் வரை கறி, மீன் இல்லை. வில்சனுக்கு டூட்டியில் கிடைத்ததைச் சாப்பிடுவேன் என்று சாக்கு.

மார்ச் 6, வியாழன்

26 புள்ளி, 11 ரீபவுண்ட். எங்கள் பழைய ஆட்டக்காரிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் படம்தான். எஸ்தர்தானே இவளை வேண்டாம் என்றது என்று ஒருத்தி கேட்டிருந்தாள். வேண்டாம் என்று நான் எழுதவில்லை என்று பதில் டைப் செய்து, அனுப்பாமல் அழித்தேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சென்னைக்கு எதிராக 30. சென்னை தோற்றது. ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் நிரஞ்சன் போன்.

மரியாதையாகத்தான் பேசினார். முதலாளிகள் அவரை உலுக்கியிருப்பார்கள். காலைப் பற்றித்தானே நான் எச்சரித்தேன், இன்னும் சீசன் முடியவில்லை என்றேன்.

“கால் ஒரு பிரச்சினையே இல்ல மேடம்” என்றார். “நீங்க சொன்ன மாதிரியே ஒரு சீசன் வெச்சு ட்ரீட்மென்ட் குடுத்துடலாம்னு எங்க டாக்டர் சொல்லிட்டார். எல்லாருக்கும் சம்மதம். நீங்க கடைசியில எழுதியிருந்தீங்களே, அதுலதான் நின்னுபோச்சு.”

எதில் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். எதிரில் திறந்து வைத்திருந்தார் போல, வாசித்தார்: “வலியை மறைத்து ஏமாற்றி ஆடும் பழக்கம் உள்ளவர். இவர் சொல்வதை நம்ப முடியாது; எந்த அணிக்கும் விசுவாசமாக இருப்பார் என்று உறுதி கூற முடியாது.”

அனுபவசாலி சொல்லும்போது தட்ட முடியாது என்று கமிட்டி சொன்னதாம்.

சரி என்று சொல்லி வைத்தேன். தோசைக்கு மாவு இல்லை. ரவை உப்புமா.

மார்ச் 13, வியாழன்

18 புள்ளி, 9 ரீபவுண்ட். இரண்டாவது பாதியில் ஓட்டம் குறைந்தது. விசில் அடித்தபோதெல்லாம் வலக்கால் தரையில் படவேயில்லை. வர்ணனையாளர் களைப்பு என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது கால்பகுதி, நான்கு நிமிடம் இருக்கும்போது. ரீபவுண்டுக்கு எழும்பினாள். பெங்களூர்க்காரி ஒருத்தி இடப்பக்கம் முட்டியதால் இடக்காலில் இறங்க இடமில்லை. வலக்காலில் முழு எடையும் இறங்கியது. பந்தை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தாள்.

அவள் கத்தவில்லை. பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிடந்தாள். நடுவர் வந்து கையிலிருந்து பிரித்து எடுத்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரின் நீளம் போதவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: எஸ்தர் அப்பவே சொன்னா. நான்கைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

மார்ச் 17, திங்கள்

ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். வழியில் நெத்திலி புதிதாக இருந்தது, வாங்கினேன். மாங்காய் போட்டுக் குழம்பு. கொஞ்சம் வறுத்தேன். நன்றாகப் பசித்தது.

மார்ச் 18, செவ்வாய்

வில்சன் காலையில் வந்து மீதிக் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, லெந்து நாளில் மீன் வாங்கியிருக்கிறாயே என்றார். மறந்துவிட்டது என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து மறந்ததில்லை என்றார்.

“போன லைன்ல வெச்சுட்டு அடுப்படிக்குப் போனியே, அப்பவே கேட்டேன், நீ பாட்டு பாடிட்டு இருந்த” என்றார். “அந்தப் பிள்ளை விழுந்த அன்னைக்கு ராத்திரி. சும்மா சொல்லுதேன், கோவப்படாத.”

நான் பாடவில்லை என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். சண்டை போட்டிருக்கலாம்.

பாடினேனா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

98 முகாமில் எங்களோடு ஒரு பிசியோ இருந்தாள், பாட்டியாலாக்காரி. முதல் வாரத்திலேயே என் முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் ஆடாதே, ஆடினால் அவ்வளவுதான் என்றாள். நான் அவள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொண்டேன், எழுதாதே என்று. அவள் எழுதவில்லை. பதினோராம் நாள் முழங்கால் போனது. இத்தனை வருடமாக யாரும் எச்சரிக்கவில்லை என்றே சொல்லிவந்திருக்கிறேன். வில்சனிடம்கூட. அந்தப் பிசியோ நல்லவளா கெட்டவளா என்று இன்றுவரை முடிவுகட்ட முடியவில்லை. ஆனால் என்னை ஏமாற்றுக்காரி என்று அவள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

ஹூக் சொல்லிக்கொடுத்தது ஜனவரி 25. அறிக்கை 30. நடுவிலிருந்த நாட்களைப் புரட்டிப் பார்த்தேன். உழைப்புக்கு 7 போட்டு 6 ஆக்கியது மட்டும் இருக்கிறது.

மார்ச் 22, சனி

சங்கவியைக் கோவைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு இரண்டாகப் பிளந்து இரண்டு ஸ்குரூ போட்டிருக்கிறது. ஐதராபாத் அணி அறுவைச் சிகிச்சையை மட்டும் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே இருந்த காயத்தை மறைத்ததாகச் சொல்லி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. தனபால் ஒருமுறை வந்தாராம். கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் கால்களை நீட்டியிருந்தாள்.

என்னைப் பார்த்து எழுந்து உட்கார முயன்றாள். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். உரித்துக் கொடுத்தேன். நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றாள். உண்மையை எழுதியது நீங்கள் ஒருவர்தான், அன்றைக்கு உங்கள்மேல் கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். கோபப்பட்டதே எனக்குத் தெரியாது, அவள் போன் செய்யாததைத்தான் சொல்கிறாள்.

பிறகு ஒன்று கேட்டாள். அந்த அறிக்கையின் நகல் இருக்கிறதா என்று. ஐதராபாத்தில் அவள் ஆட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லையாம். “என் ஆட்டத்த உக்காந்து பாத்து எழுதினது நீங்கதானுங்க. நான் எப்படி இருந்தேன்னு படிச்சுப் பாக்கணும்” என்றாள்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட ஒன்றுமில்லை. அலமாரியில் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டு ஒரு பிரதி எடுத்தேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. ‘பிற குறிப்புகள்’ என்பதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது, நிறையப் பேர் எதுவும் எழுதாமல் விடுகிற இடம்தான்.

இரண்டு பிரதியையும் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

பர்மிஷன் போட்டு மத்தியானம் போனேன். அவளுடைய அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தார். முழுப் பிரதியைக் கொடுத்தேன்.

மெதுவாகப் படித்தாள். கைக்கு 9 என்றதும் சிரித்தாள். பாதுகாப்பு 5 என்றதும், சரிதான் என்பதுபோலத் தலையாட்டினாள். இரண்டு பேர் நெருக்கியபோது எதிர்மூலைக்கு அனுப்பிய பாஸைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை இரண்டு தடவை படித்தாள். அப்போதே வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம்போல இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். படித்த பிறகும் கண் அங்கேயே நின்றது.

நான் சொன்னேன்: “காலுக்காக அவங்க உன்ன விடல. ட்ரீட்மென்ட் குடுத்து வெச்சிருப்பாங்க. இந்த ரெண்டு வரியாலதான் விட்டாங்க. எனக்கே பிறகுதான் தெரியும்.”

கடைசி வாக்கியம் அவசியமில்லாதது. சொல்லிவிட்டேன்.

அவள் தாளை மடித்தாள். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். “இத டைப் அடிக்கும்போது என் மூஞ்சி ஞாபகம் வந்துச்சுங்களா மேடம்?”

“வந்துச்சு.”

“கேன்டீன்ல பேசினதுங்களா, ஹூக் போட்டதுங்களா?”

பையை மூடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் அழுகை எதுவும் இல்லை. கடைசியில், “சரிங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாளைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா சாப்பாட்டோடு வந்ததும் என்னையும் சாப்பிடச் சொன்னார். வேலை இருக்கிறது என்று கிளம்பினேன்.

மார்ச் 27, வியாழன்

நிரஞ்சன் மெயில். கோட்டயத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பார்க்க முடியுமா என்று. என் கணிப்பு கடைசியில் சரியாகிவிட்டதால் கமிட்டிக்கு என்மேல் மதிப்பு கூடியிருக்கிறதாம்.

பதில் போடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் வாசலில் ஒருவர். ஒல்லி, என் தோள் உயரம்தான் இருப்பார். வேட்டி, தோளில் துண்டு. இரண்டு கையிலும் முட்டை அட்டை ஒன்றைச் சமன் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கவியின் அப்பா. ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

உள்ளே வந்து உட்காரமாட்டேன் என்றார். இன்று டிஸ்சார்ஜ், ஊருக்குப் போகிறோம், ஒரு வருடம் குதிக்கக் கூடாது, அதன் பிறகும் ஆடுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். மச்சான் வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் காத்திருக்கிறார்களாம், அதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொன்னார்.

“புள்ள எல்லாத்தயும் சொல்லுச்சுங்க” என்றார். என் கை கதவைப் பிடித்துக்கொண்டது. “நீங்க அன்னிக்கே காலப் பாத்துக் கண்டுபுடிச்சு, ஆட வேண்டாம், வைத்தியம் பண்ணுங்கன்னு எழுதிக் குடுத்தீங்களாமுங்க. நாங்க பெத்தவங்களுக்கே தெரியல. உங்க பேச்ச யாரும் கேக்கலைன்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல, உங்களப் பத்தி நல்லதாத்தான் சொல்லுச்சு.”

தண்ணீராவது குடியுங்கள் என்றேன்.

பண்ணை முட்டைதான், வேறு கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றார். அட்டையை நீட்டினார். வில்சன் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

கை நீட்டி வாங்கிக்கொண்டேன். முப்பது முட்டை. பஸ்ஸில் இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றுகூட உடையவில்லை.